எலுமிச்சை ஊற்றாத பாட்டில்

பத்து மணி எட்டு நிமிஷத்துக்குத் தண்ணீர் தளதளவென்று கொதி வந்தது. அதிலிருந்து நாற்பத்தைந்து நிமிஷம் என்று சுலோச்சனா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நடுவில் கொதி அடங்கினால் மறுபடியும் முதலிலிருந்து நாற்பத்தைந்து, அதனால் அடுப்பை விட்டு நகரக் கூடாது, போன் அடித்தாலும் எடுக்கக் கூடாது, தண்ணீர் பாட்டில் மூடிக்கு மேல் இரண்டு விரல் நிற்க வேண்டும், குறைந்தால் பக்கத்து அடுப்பில் இருக்கிற வெந்நீரைத்தான் ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாட்டில் விரிசல் விட்டுவிடும். இத்தனையையும் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். முப்பத்து நான்கு வருஷம் ஒரு பம்பு கம்பெனி ஸ்டோர்ஸைக் கட்டி ஆண்ட மனுஷனுக்கு ஒரு குண்டானைப் பார்த்துக்கொள்ள இவ்வளவு உத்தரவு. குழந்தைவேலு சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குண்டானுக்குள் எட்டு கண்ணாடி பாட்டில்கள், எட்டிலும் தோலுரித்த தக்காளி, அடியில் மடித்துப் போட்ட பழைய துண்டு. கொதி ஏற ஏற பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கடகடவென்று பேசின. மொட்டை மாடியில் நாலு மாதம் சுலோச்சனா தண்ணீர் ஊற்றி, குச்சி கட்டி, வெள்ளைப் பூச்சியைக் கையால் நசுக்கி வளர்த்த தக்காளி. எட்டில் ஏழு பாட்டிலில் எலுமிச்சைச் சாறு இருக்கிறது. ஒன்றில் இல்லை. ஊற்றச் சொன்னது அவள், ஊற்றாமல் விட்டது அவர். அந்த ஒன்று ஞானமுத்துவுக்கு. நினைத்ததும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, வெயிலில் வந்து மோர் குடித்த மாதிரி. அந்தக் குளிர்ச்சி மணி பத்து பதினொன்றுக்கே அடங்கிவிட்டது, மூன்று நிமிஷம்கூட நிற்கவில்லை.

அவள் இப்போது அங்கேதான் இருக்கிறாள். இரண்டு தெரு தள்ளி, ஞானமுத்து வீட்டில். ஞானமுத்து சார் என்று சொல்ல வேண்டும், சார் இல்லாமல் அந்தப் பெயர் இந்த வீட்டில் புழங்குவதில்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர், பெண்சாதி இறந்து எட்டு வருஷம், மகன் நாகர்கோயிலில். அந்த மகன் ஒருவழியாகப் பிடிவாதம் பிடித்து அப்பாவை அழைத்துப் போகிறான். இன்று ராத்திரி ரயில். பதினொரு மணிக்குச் சாமான் ஏற்ற டெம்போ வருகிறது, அதற்கு முன்னால் செடித்தொட்டிகளை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று போன் வந்ததும் இவள் பாதி வேலையில் ஸ்பூனைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். பாதி வேலையில். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இவருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது, அடுப்பில் இருக்கிற குழம்பை இறக்கிவிட்டு வருகிறேன் என்று சொன்னவள்தான். அந்த ஆள் போகிறது நல்லதுதானே, சனியன் விட்டது என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று குழந்தைவேலு தன்னையே கேட்டுப் பார்த்தார். போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்துதான் இன்னும் மோசமாக எரிந்தது. பதினைந்து நாளாக அவள் தக்காளிச் செடிக்கு முன்னால் சும்மா நின்றாள். குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டி வழிவதைப் பார்க்காமல் நின்றாள். இவர் கம்பெனி வேலையாக டூர் போனபோதெல்லாம் அப்படி நின்றாளா என்று யாரைக் கேட்பது? அவர் வெளியூர் போயிருக்கும்போது அவள் எப்படி நின்றாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தப்பு ஒன்றும் இல்லை. அதைக் குழந்தைவேலு சத்தியம் செய்து சொல்வார். அறுபதுக்கு ஒன்றிரண்டு முன்னேயும் பின்னேயும் நிற்கிறவர்கள், விதை வாங்குவதும் கொடுப்பதும் வேப்பம்புண்ணாக்கு எவ்வளவு போடுவது என்பதும்தான் பேச்சு. ஹாலில் எல்லார் முன்னாலும்தான் பேசுவார்கள், இவர் பேப்பரை விரித்துக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். தப்பாக ஏதாவது இருந்திருந்தால் ஒரு சத்தம் போட்டு முடித்திருக்கலாம். இல்லாததற்கு எப்படிச் சத்தம் போடுவது? ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை ‘ஞானமுத்து சார் சொன்னாருங்க’. அவரைக்காயைக் கொதிநீரில் இரண்டு நிமிஷம், எடுத்து ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிஷம், துடைத்து உலர்த்திப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் ஆறு மாதத்துக்குப் பச்சை மாறாது, ஞானமுத்து சார் சொன்னாருங்க. கொத்தமல்லியை அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி வைக்கலாம், ஞானமுத்து சார் சொன்னாருங்க. காது புளித்துப் போயிற்று. அதுகூடப் போகட்டும். அந்த ஒரு நாள்தான் போக மாட்டேன் என்கிறது. போன வருஷம் மாசியில், முதல் காய்ப்பில் ஒரு தக்காளியைப் பறித்து, நாலாக அரிந்து, உப்புத் தூவி அவள் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். ஞானமுத்து ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நிஜமாகவே மூடிக்கொண்டார். கோயிலில் மூடுகிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, “அம்மா, தக்காளின்னா இதுதாம்மா” என்றார். சுலோச்சனாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று குழந்தைவேலு பேப்பருக்கு மேலாகப் பார்த்துவிட்டார். பார்க்காமல் இருந்திருக்கலாம். கல்யாணமான புதிதில்கூட அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை, மகள் பிறந்தபோதுதான் கிட்டத்தட்ட அப்படி இருந்தது. தட்டில் மீதி மூன்று துண்டு இருந்தது. இவரும் ஒன்றை எடுத்துத் தின்றார். நன்றாக இருக்கிறது என்று சொன்னார். சொன்னது யார் காதிலும் விழவில்லை.

பத்து இருபத்திரண்டு. தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்தது. கரண்டியால் வெந்நீரை மொண்டு பக்கவாட்டில் ஊற்றினார், கொதி அடங்கவில்லை. அவர் வேலையில் குறை சொல்ல முடியாது, யாரும் சொன்னதில்லை. கண்ணை மூடிச் சாப்பிடத் தெரியாதது ஒரு குற்றமா? ஆறு மணிக்கு ஷிப்ட், டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்து மேஜையில் டெலிவரி சலான் காத்துக்கொண்டிருக்கும், ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் பேனா. சாப்பாட்டை மிச்சம் வைத்ததில்லை. ஒரு நாளாவது மிச்சம் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாரா? அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியாது போலிருக்கிறது. சொன்னால்தான் தெரியும் போலிருக்கிறது. ரிடையர் ஆகி வீட்டுக்கு வந்து பார்த்தால் வீட்டில் எல்லா இடமும் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. காலை ஐந்தரைக்கு அவள் மாடிக்குப் போய்விடுவாள். எட்டு மணிக்கு இறங்குவாள், கையில் மண். மாடி அவளுடையது, சமையலறை அவளுடையது, போன் அவளுடையது. இவருக்கென்று கிடைத்தது ஸ்டோர் ரூமில் இருக்கிற பெரிய ஃப்ரீசர் ஒன்றுதான். மகள் சுபாஷிணி பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பியது. அதைத் திறந்து பார்த்த முதல் நாள் குழந்தைவேலுவுக்குப் பொறுக்கவில்லை. அவரைக்கு மேல் முருங்கைக்கீரை, அதற்கு மேல் பட்டாணி, அடியில் போன மழைக்காலத்துக் கத்திரிக்காய். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வகை பிரித்து, பழையது முன்னால் புதியது பின்னால் என்று அடுக்கி, மூடியில் தேதி எழுதி ஒட்டினார். விரல் மரத்துப் போயிற்று. அவள் வந்து பார்த்தாள். “நல்லா அடுக்கியிருக்கறீங்க” என்றாள். அதற்கு அடுத்த வாரமே ஞானமுத்துவைக் கூட்டிவந்து அந்த ஃப்ரீசரைத் திறந்து காட்டினாள். அடுக்கியதைத்தான் காட்டினாள், புருஷன் வேலையைப் பெருமையாகத்தான் காட்டினாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. தன் வீட்டு அலமாரியை வேற்றாள் திறந்து பார்க்கிற மாதிரி இருந்தது. அந்த ஆள் குனிந்து பார்த்து, அடடா, இது ஆஸ்பத்திரி மருந்துக்கடை மாதிரியல்லவா இருக்கிறது என்று பாராட்டினார். பாராட்டுத்தான். அதுதான் பொறுக்கவில்லை.

இன்று காலையும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அவள் தக்காளியைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள், இவர் தோலுரித்தார். விரல் நுனி சுட்டாலும் உரித்தார். பேசாமல் ஒரு மணி நேரம் இருவரும் வேலை செய்தார்கள், அந்த ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. இப்படியே இருந்துவிடலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது. பாட்டிலில் நிரப்பிக்கொண்டே அவள் யாருக்கு எத்தனை என்று சொன்னாள். சுபாஷிணிக்கு இரண்டு, வயிற்றுப் பிள்ளைக்காரி, வாய்க்கு ஒன்றும் பிடிக்க மாட்டேன் என்கிறது, அம்மா தக்காளிதான் வேண்டும் என்றாளாம். எதிர்வீட்டுக்கு ஒன்று. வீட்டுக்கு நாலு. அப்புறம் சொன்னாள், “ஒண்ணு சாருக்குங்க. நாகர்கோயில் போயி ஒரு மாசமாச்சும் நம்ம தக்காளி சாப்பிடட்டும்.” நம்ம தக்காளி. அந்த ‘நம்ம’வில் குழந்தைவேலு இருக்கிறாரா? விதை அந்த ஆள் கொடுத்தது, தண்ணீர் ஊற்றியது அவள். இவர் எங்கே வருகிறார்? இந்த யோசனையில் இருக்கும்போதுதான் போன் வந்தது, அவள் முகம் வாடியது, ஸ்பூன் கைமாறியது. ஒரு பாட்டிலுக்கு ஒரு பெரிய ஸ்பூன் சாறு, விளிம்பைத் துணியால் துடைத்து, மூடியைப் போட்டு இறுக்கி, குண்டானில் இறக்க வேண்டும். ஏழு பாட்டிலுக்கு ஊற்றினார். எட்டாவதற்கு ஸ்பூனை எடுத்துப் போனார். சாறு ஸ்பூனில் நின்றது. அப்படியே கொண்டுபோய்ச் சிங்க்கில் கவிழ்த்தார். கவிழ்த்த கை தன்னுடையதுதானா என்று ஒரு நொடி பார்த்தார். அதோடு விட்டாரா? மேஜை இழுப்பறையில் இன்னும் கிடக்கிற சிவப்புச் சாக்கட்டியை எடுத்து அந்த மூடியின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். ஸ்டோர்ஸில் தேறாத இரும்பு வார்ப்புக்குப் போடுகிற குறி. அந்தக் குறி விழுந்த சாமான் லைனுக்குப் போகாது, எவன் வந்து கேட்டாலும் போகாது, எம்.டி. வந்து கேட்டாலும் போகாது. எத்தனை ஆயிரம் வார்ப்புக்குப் போட்டிருப்பார்! பழகிய கை. அடையாளத்துக்கு என்று அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இதுதான் அந்த ஆளுக்கு, மாறிவிடக் கூடாது. கெட்டுப்போகட்டும். நாகர்கோயிலில் போய்த் திறக்கும்போது மேலே பூஞ்சை பூத்திருக்கட்டும், முகத்தைச் சுளிக்கட்டும், சுலோச்சனாவுக்குக் கை வரவில்லை என்று நினைக்கட்டும். கண்ணை மூடட்டும் பார்க்கலாம். இவ்வளவுதான் அவர் நினைத்தது. இதற்கு மேல் சத்தியமாக ஒன்றும் நினைக்கவில்லை.

பூஞ்சை. பத்து முப்பத்தொன்றுக்கு அந்தச் சொல்லில் போய் மனசு சிக்கிக்கொண்டது. பூஞ்சை பூக்குமா? ஏதோ ஒன்று இடறியது. பேப்பருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காதில் வாங்கிக்கொண்டது, வேண்டாம் வேண்டாம் என்று இருந்தாலும் காதுக்கு மூடி இல்லையே. ஞானமுத்து முதல் தடவை பாட்டில் போடச் சொல்லிக்கொடுத்த அன்று சொன்னது. எலுமிச்சை ருசிக்கு இல்லை அம்மா, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். தக்காளிப் புளிப்பை நம்ப முடியாது, ஒரு செடி புளிக்கும், ஒரு செடி இனிக்கும். காற்றுப் போகாத பாட்டிலுக்குள் ஒரு கிருமி இருக்கிறது, கொதியில்கூடச் சாகாமல் உறங்கும், புளிப்பு இல்லாவிட்டால் எழுந்து விஷம் கக்கும். பூஞ்சை பூத்தாலாவது கண்ணுக்குத் தெரியும், தூக்கிப் போடுவோம். இது தெரியாது. மோந்து பார்த்தாலும் தெரியாது, ருசித்துப் பார்த்தாலும் தெரியாது. கை கால் இழுத்துக்கொண்ட பிறகுதான் தெரியும். சுலோச்சனா அப்போது நெஞ்சில் கை வைத்து, அய்யோ சாமி என்றாள். குழந்தைவேலு பேப்பரைத் திருப்பினார், பயம் காட்டிப் பெரிய மனுஷன் ஆகிறான் என்று நினைத்தார். இப்போது அது ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. கொலையா செய்யப் பார்த்தோம்? பொறாமைக்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம், எரிச்சல்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம், கொலைகாரன் என்று? அந்த ஆள் என்ன பாவம் செய்தான்? தக்காளி நன்றாக இருக்கிறது என்றான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினான். நாகர்கோயிலில் மகன் வீட்டில் தனியாகச் சாப்பிட உட்கார்ந்து பாட்டிலைத் திறப்பான். திறந்து, ஒரு வாய் போட்டு, கண்ணை மூடுவான். குழந்தைவேலு எழுந்து நின்றார். நல்ல வேளை, குறி போட்டிருக்கிறது. அதை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட்டால் தீர்ந்தது. கை தவறி உடைந்துவிட்டது என்று சொன்னால் போயிற்று. புத்திசாலித்தனமாக முன்கூட்டியே குறி போட்டு வைத்த தன்னைப் பற்றி ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. குண்டான் மூடியைத் தூக்கினார். ஆவி முகத்தில் அடித்தது, மூக்குக் கண்ணாடி மங்கியது, கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். தண்ணீருக்கடியில் எட்டு மூடிகள் பளபளவென்று இருந்தன. எட்டும் சுத்தமாக இருந்தன.

சாக்கட்டி. கொதிக்கிற தண்ணீரில் சாக்கட்டி. முப்பத்து நான்கு வருஷத்தில் மழையில் நனைந்த வார்ப்பில் குறி அழிந்து எத்தனை தடவை மறுபடி போட்டிருக்கிறார், அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. முட்டாள். முட்டாள் என்று வாய்விட்டே சொன்னார். கடைசியாக இறக்கிய பாட்டில் எது? சுவர் ஓரமாக இறக்கியது. இல்லை, எட்டாவது இறங்காமல் நடுவில் இருந்ததைத் தள்ளி, ஒன்றை வெளியே எடுத்து, மறுபடி சுற்றி வைத்தார். எதை எடுத்தார்? அரை மணி நேரமாக அவை வேறு இடித்து இடித்து நகர்ந்துகொண்டிருக்கின்றன. இடுக்கியால் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார், சிவப்பு, அடுத்ததும் சிவப்பு, எல்லாம் ஒரே தக்காளி, ஒரே சிவப்பு. எட்டில் ஒன்று. எட்டில் இரண்டு சுபாஷிணிக்கு. வயிற்றுப் பிள்ளைக்காரி. மனசு இதைச் சுற்றி வந்தது, சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. எட்டையும் திறந்து எட்டுக்கும் மறுபடி எலுமிச்சை ஊற்றலாமே? ஊற்றலாம். மூடி? இந்த மூடியின் ரப்பர் ஒரு தடவை சூடு பட்டால் அவ்வளவுதான், மறுபடி கவ்வாது. இந்த எட்டு மூடியே ஞானமுத்து எங்கிருந்தோ தருவித்துக் கொடுத்தது, வேறு இல்லை. குண்டானையே கவிழ்த்துவிட்டால்? கவிழ்க்கலாம், கை சுட்டது என்று சொல்லலாம், நாலு மாத உழைப்பு தரையில் ஓடும், அவள் உட்கார்ந்து அழுவாள். அழுதால் யாருக்காக அழுகிறாள் என்று அப்போதும் இவர் பார்ப்பார், அந்தப் புத்தி போகாது. பேசாமல் இருந்துவிட்டால்? சும்மா பயம் காட்டியிருக்கலாம் அந்த ஆள். நூற்றில் தொண்ணூற்றொன்பது பாட்டிலுக்கு ஒன்றும் ஆகாது. ஆகாதுதான். தேறாத வார்ப்பும் நூற்றில் தொண்ணூற்றொன்பது ஓடும், ஓடாத ஒன்றுக்காகத்தானே அவரை அங்கே உட்கார வைத்து ஒரு சாக்கட்டியையும் கொடுத்திருந்தார்கள். மணி பத்து நாற்பத்தாறு. கொதி அடங்கவே இல்லை. அடங்கினால் நாற்பத்தைந்து நிமிஷம் கிடைக்குமே என்றுகூட ஆசைப்பட்டார், அடங்கவில்லை, பொறுப்பாக வெந்நீர் ஊற்றியிருந்தார்.

கீழே ஆட்டோ வந்து நின்றது. தொட்டிகளை வாசலில் இறக்கச் சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு சுலோச்சனா உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. தூசியா, வேறு ஏதாவதா என்று குழந்தைவேலு பார்த்தார். இந்த நிலைமையிலும் பார்த்தார். பாவம் சார், அடுப்பு பாத்திரம் எல்லாம் கட்டியாச்சு, மத்தியானத்துக்கு இரண்டு பன் வாங்கி வைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே கை கழுவினாள். கொதி எப்போது வந்தது என்று கேட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக ஐம்பத்து மூன்றுக்கு அடுப்பை அணைத்து, இடுக்கியால் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து மேடையில் விரித்த துண்டின் மேல் வரிசையாக வைத்தாள். ஆற ஆற மூடி உள்வாங்கி டக்கென்று ஒரு சத்தம் வரும், வந்தால் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்க அவளுக்கு அவ்வளவு ஆசை. முதல் மூடி டக்கென்றது. அவள் சிரித்தாள். இரண்டாவது. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது, நாலாவது. அழகாக வந்திருக்கிறது என்று இரண்டைத் தனியாக நகர்த்தினாள். இந்த இரண்டும் பெங்களூருக்கு என்றாள்.

“சுலோ,” என்றார் குழந்தைவேலு. “ஒண்ணுல எலுமிச்சை இல்ல.”

அவள் கை பாட்டிலின் மேலேயே நின்றது. எதில் என்று கேட்டாள். தெரியவில்லை என்றார்.

“மறந்துட்டீங்களா?”

அதட்டாமல்தான் கேட்டாள். அறுபத்திரண்டு வயதில் யாருக்கும் மறக்கும், போன மாதம் மூக்குக் கண்ணாடியை ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினார், இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளே ஒரு காரணத்தை எடுத்து நீட்டிவிட்டாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

“மறக்கலை,” என்றார்.

ஐந்தாவது மூடி டக்கென்றது. சுலோச்சனா அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் சிவப்பு. முப்பத்து நான்கு வருஷம் அந்தச் சிவப்பைச் சட்டைக் கையிலிருந்தும் பாக்கெட்டிலிருந்தும் தேய்த்துத் தேய்த்துத் துவைத்தவள், எதற்குப் போடுகிற குறி என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. யாருக்கான பாட்டில் என்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இழுப்பறையைத் திறந்து ஒரு கத்தியை எடுத்து, முதல் பாட்டிலின் மூடியை நெம்பினாள். பூட்டிக்கொண்ட மூடி புஸ்ஸென்று திறந்தது. அடுத்தது. அடுத்தது. எட்டையும் திறந்தாள், எட்டு மூடியும் குப்பையில் விழுந்தது. ஃப்ரீசரில் இடம் பண்ணுங்கள், எல்லாம் டப்பாவில் போய்விடட்டும், ஐஸில் இருந்தால் எலுமிச்சை இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. அவர் ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பினார். அவள் நிறுத்தினாள். ஒரு ஸ்பூனை எடுத்து நீட்டினாள்.

“அதுக்கு முன்னால, ஊத்தாதது எதுன்னு கண்டுபுடிங்க.”

தண்டனை என்றுதான் அவர் நினைத்தார். இப்போதுதான் போட்டது, இன்றைக்கு ருசி பார்ப்பதால் உயிர் போகாது, நியாயமான தண்டனைதான். முதல் பாட்டிலில் ஒரு ஸ்பூன் எடுத்து ஊதி விழுங்கினார். தக்காளி. இரண்டாவதும் தக்காளி. மூன்றாவதில் நாக்குச் சுட்டது. அவள் மேடையில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பார்வைக்கு முன்னால் விழுங்குவது கஷ்டமாக இருந்தது, வெட்கம் பிடுங்கித் தின்றது. அதனால்தான் கண்ணை மூடினார், வேறு எதற்காகவும் இல்லை. நாலாவது வாய்க்குள் போனதும் எலுமிச்சை தெரிந்தது. முதலில் நாக்கின் ஓரத்தில் ஒரு சுருக்கு, அப்புறம்தான் தக்காளி. ஐந்தாவதிலும் அதே சுருக்கு. ஆறாவதில் அது வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை, அதற்குப் பதிலாக ஒரு இனிப்பு மெதுவாகப் பரவியது, வெயில் காய்ந்த மாடியின் வாசனை, காலையில் செடியைத் தொட்டால் கையில் ஒட்டுமே அந்தப் பச்சை வாசனை, கடைசியில் ஒரு துளி உப்பு. இதுவா? இதையா இத்தனை நாள் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு இருந்தோம்? அந்த ஆளுக்கு ஒரே வாயில் கிடைத்தது தனக்கு முப்பத்து நான்கு வருஷம் கழித்து, அதுவும் ஒரு அயோக்கியத்தனம் செய்த பிறகுதான் கிடைக்க வேண்டுமா? கண்ணைத் திறந்தால் அவள் பார்ப்பாளே என்று கொஞ்ச நேரம் திறக்காமலே நின்றார்.

இதுதான் என்று சொல்லி நகர்த்தினார். அவளும் ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தாள். அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு சுத்தமான துணியை வாயில் போட்டு நூலால் இறுக்கிக் கட்டினாள். மீதி ஏழையும் டப்பாக்களில் ஊற்ற ஆரம்பித்தாள், உறைந்தால் விரியும் என்று மேலே ஒரு விரல் இடம் விட்டு. துணி கட்டினதை அவர் பக்கம் தள்ளினாள்.

“வெச்சுச் சாப்பிடறதுக்குத்தான் எலுமிச்சை. இன்னிக்கே சாப்பிடறதுக்கு எதுக்குங்க? மத்தியானம் பன்னுக்குத் தொட்டுக்கட்டும். டெம்போ போறதுக்குள்ள நீங்களே கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்துருங்க.”

குழந்தைவேலு பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டிலேயே நல்லது அது. அவரே சாறு ஊற்றாமல் விட்டு, அவரே கண்ணை மூடிப் பொறுக்கி எடுத்து, அவரே தூக்கிக்கொண்டு போக வேண்டும். சட்டையை மாட்டினார். விரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார், சிவப்பு நகக்கண்ணில் கொஞ்சம் நின்றுவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். பாட்டில் போடுவதென்று ஆரம்பித்துவிட்டு ஏன் எலுமிச்சை ஊற்றவில்லை என்று ஞானமுத்து கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார்.

சுலோச்சனா டப்பாவின் ஓரத்தில் வழிந்ததை விரலால் வழித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அவரு கேக்க மாட்டாருங்க.”

எவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள். யோசிக்கக்கூட இல்லை. தன்னைப் பற்றி யாரிடமாவது இவள் இப்படி ஒரு வார்த்தை, இவ்வளவு நிச்சயமாக, என்றைக்காவது சொல்லியிருப்பாளா என்று குழந்தைவேலு படியிறங்கும்போது யோசித்தார். வாசலில் பதினொரு தொட்டிகள் இறங்கிக் கிடந்தன, அவற்றைத் தாண்டித் தெருவுக்கு வந்தார். பாட்டில் இன்னும் சுட்டது. தெருமுனை வரை வலக்கையிலும் அதற்குப் பிறகு இடக்கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தார்.